ஒரு நாள் சகோதரர்கள்

புனித பர்த்தலமேயு சகோதர சபையில் இஞ்ஞாசிநாதனைச் சேர்த்துக்கொண்டது அவன் பக்திக்காக அல்ல, அவனுடைய இங்கிலீஷுக்காக. ஆம்பூரில் நயீம் அகமதுவின் தோல் கம்பெனியில் அவன் டைப்பிஸ்ட். சபைக்கு வெளிநாட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கியபோது பதில் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வேலூரிலிருந்த தலைவர் பெலவேந்திரம் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் இவன் பெயரையே சொன்னார்கள். அரை மனதோடுதான் சேர்த்தார்கள். அதுவரை அவனைப்போலக் காலனியிலிருந்து ஒருவனும் அந்தச் சபைக்குள் கால் வைத்ததில்லை.

சபை சாதாரணமானதல்ல. நிலபுலன் உள்ளவர்கள், வக்கீல்கள், மண்டிக்காரர்கள் என்று ஜில்லாவிலுள்ள வசதியான கத்தோலிக்க ஆண்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். திருவிழா அன்று நீல மேலங்கியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, இடுப்பில் வாள் தொங்க, தேருக்கு முன்னால் இரண்டு வரிசையாக நடப்பார்கள். ஒரு சகோதரர் இறந்துபோனால் ஆறு பேர் அதே உடுப்பில் வந்து பெட்டியைத் தோளில் தூக்கி, கல்லறைத் தோட்டத்துப் பெரிய வாசல் வழியாகக் கொண்டுபோவார்கள். பர்த்தலமேயு உயிரோடு தோலுரிக்கப்பட்ட அப்போஸ்தலர். தோல் பதனிடுகிறவர்களுக்குப் பாதுகாவலர். அவர் பெயரில் நடந்த சபையில் தோல் பதனிடுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை.

இதைப்போல உலகத்தில் பல தேசங்களில் இருந்த கத்தோலிக்கச் சகோதர சபைகள் சேர்ந்து ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பு வைத்திருந்தன. அதன் தலைமை தேசம் விட்டுத் தேசம் மாறும். 1983இல், அடுத்த தலைவர் ஆசியாவிலிருந்து வர வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. பெலவேந்திரத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அப்போது தலைவராக இருந்த ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக்ஸ், தேர்தலுக்கு முன் நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில், ‘உங்கள் சபையில் தொழிலாளர்கள் இருக்கிறார்களா?’ என்று ஒரு கேள்வி.

பெலவேந்திரம் பதிலைச் சொல்லச் சொல்ல இஞ்ஞாசி அடித்துக்கொண்டு வந்தான். “ஆம்பூர் தோல் தொழிலாளர் கிளை எங்கள் சபையின் பெருமை” என்ற இடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது.

“அய்யா, அப்டி ஒரு கிளை நம்மகிட்ட இல்லீங்களே.”

“இல்லன்னா ஆரம்பிச்சிட்டா போச்சி. எத்தினி நாளைக்குத்தான் பழைய பஞ்சாங்கமாவே இருக்கறது? நீயே ஆள் சேரு. ஒரு நாப்பது பேரு போதும். துரை கையாலயே பிரமாணம் பண்ணி வைப்போம்.”

இஞ்ஞாசி பெலவேந்திரத்தின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறை. அன்று வேலூரிலிருந்து பஸ்ஸில் ஆம்பூர் வருகிற வரை ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

முதலில் போனது மச்சான் தேவசகாயத்திடம். தேவசகாயம் அவன் மனைவி லில்லிக்கு அண்ணன். அதே கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டு மயிர் கழிக்கிற வேலை அது. எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பிலிருந்து அந்த வாடை போகாது. விரல் நகமெல்லாம் அரித்துப்போய் மஞ்சளாகக் கிடக்கும்.

“இன்னா மாப்ள, வெள்ளிக்கெழம பூசைக்கே நம்மள பின்னால நில்லுன்றான். வாளக் குடுத்து முன்னால நில்லுன்னுவானா?” என்று சிரித்தார் தேவசகாயம்.

“தலைவரே சொன்னாரு மச்சான். காலம் மாறுது.”

“உனுக்கு மாறியிருக்கும். நீ சட்டைய உள்ள உட்டுக்கினு ஆபீஸ் போறவன்.”

ஆனாலும் வந்தார். இஞ்ஞாசி சொன்னால் தட்டமாட்டார். அவர் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்கவும், முழங்காலிடவும், “நான் என் சகோதரனை வாழ்விலும் சாவிலும் கைவிடேன்” என்ற பிரமாணத்தைத் திருப்பிச் சொல்லவும் பழகினார்கள். தேவசகாயம் அந்த வரியை வேலைக்குப் போகும்போதுகூட முணுமுணுப்பதாக அவர் மனைவி அமிர்தவள்ளி சொல்லிச் சிரித்தாள்.

ஹென்ட்ரிக்ஸ் வந்த அன்று கோயில் வளாகம் முழுக்கக் காகிதத் தோரணம். வேலூரிலிருந்து மூட்டையாக மேலங்கிகள் வந்து இறங்கின. அவரவருக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டார்கள். சிலருக்குத் தரையில் புரண்டது, சிலருக்கு முழங்காலோடு நின்றது. ஹென்ட்ரிக்ஸ் நெட்டையான மனிதர், வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒவ்வொருவர் கழுத்திலும் சபைப் பதக்கத்தை மாட்டி, தோளில் கை வைத்து, “இன்று முதல் நீ என் சகோதரன்” என்றார். இஞ்ஞாசி ஒவ்வொரு தடவையும் அதைத் தமிழில் சொன்னான். ஒரு தடவைகூட அவனுக்கு அலுக்கவில்லை. தேவசகாயத்தின் கழுத்தில் பதக்கத்தை மாட்டியபோது அவர் கண் கலங்கியதை இஞ்ஞாசி பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். ஹென்ட்ரிக்ஸ் தேவசகாயத்தின் தோளில் கைபோட்டு நிற்க, போட்டோ பிடித்தார்கள். பக்கத்தில் பெலவேந்திரம், பல்லெல்லாம் தெரிய.

விருந்து இரண்டு இடத்தில். துரைக்கும் சபைக்காரர்களுக்கும் பள்ளி ஹாலில் மேசை போட்டு பிரியாணி. புதிய சகோதரர்களுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் பொட்டலம். இடம் பற்றாது என்று காரணம் சொன்னார்கள். துரைக்கு மொழிபெயர்க்க ஹாலில் உட்காரவைக்கப்பட்ட இஞ்ஞாசி அதையும் நம்பினான்.

பொட்டலம் தின்று முடித்ததும் மேலங்கியைக் கழற்றி வாங்கச் சொன்னார்கள். இஞ்ஞாசி எல்லாவற்றையும் மடித்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் பக்கத்து அறைக்குப் போனான். அங்கே பெலவேந்திரமும் துணைத்தலைவர் வக்கீல் மரியநாயகமும் கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மரியநாயகம் மூக்கைப் பொத்திக்கொண்டார். “அத எதுக்குப்பா உள்ள தூக்கினு வர்ற? வெளில வைய்யி.”

“மூட்டை கட்டணுமேங்க. வண்ணாருக்குப் போட்டு வேலூருக்கு...”

“வண்ணாருக்குப் போட்டா மட்டும் போயிடுமா?” என்றார் பெலவேந்திரம், பல் குத்திக்கொண்டே. “இனிமே நம்மாளு எவன் அத உடம்புல மாட்டுவான்? பின்னால எடுத்தும்போயி கொளுத்திடு. புதுசு தச்சிக்கலாம்.”

இஞ்ஞாசியின் கையிலிருந்த துணியில் இன்னும் ஆட்களின் உடம்புச் சூடு இருந்தது. பெலவேந்திரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அட, உன்னச் சொல்லலப்பா. நீ குளிச்சி முழுகி இருக்கற ஆளு.”

அந்த வார்த்தைதான் அவனைச் சுட்டது. ‘கொளுத்திடு’ என்றதைவிட இது. அப்போதே மூட்டையை அந்த ஆள் முகத்தில் எறிந்திருக்கலாம். ஆனால் கால் பின்பக்கம் நடந்தது. வாட்ச்மேன் மண்ணெண்ணெய் ஊற்றினான். நீலத் துணி சுருண்டு கருகி நாறியதை இஞ்ஞாசி மூக்கைப் பொத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மதில் ஓரத்தில் குனிந்து, தின்ற பிரியாணி அவ்வளவையும் வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் ஹென்ட்ரிக்ஸை வேலூருக்குக் காரில் அழைத்துப்போகும் பொறுப்பும் அவனுக்குத்தான். டிரைவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மாதனூர் தாண்டியதும் இஞ்ஞாசி எல்லாவற்றையும் சொன்னான். கிளை என்று ஒன்று இல்லாததையும், பொட்டலத்தையும், எரித்ததையும். ஹென்ட்ரிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். இவன் சொல்லி முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“தம்பி, நான் குருடன் இல்லை. அந்த ஆட்களுக்கு மேலங்கியின் பித்தான் போடத் தெரியவில்லை, பார்த்தேன்.”

“அப்படியானால்?”

“பெலவேந்திரத்துக்குப் பின்னால் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். நீ சொல்வதை நான் கூட்டமைப்பின் முன் வைத்தால் அந்த ஆறாயிரம் பேரும் வெளியே போவார்கள். கூட்டமைப்பு உடையும். உங்கள் ஊர் வழக்கத்தை வெளியிலிருந்து நாங்கள் தொடக்கூடாது. அவர் முதலில் நாற்காலியில் உட்காரட்டும். பிறகு அவரே மாற்றுவார். பொறுமையாக இரு.”

சாந்தமான, நல்ல குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பெலவேந்திரத்துக்குத் தெரிந்து செய்கிற ஆணவமாவது இருந்தது. இவர் அதையும் சேர்த்து ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார். வேலூர் பங்களா வாசலில் இறங்கும்போது ஹென்ட்ரிக்ஸ் அவன் தோளிலும் கை வைத்தார். இஞ்ஞாசி தோளைக் குறுக்கிக்கொண்டான்.

மறுநாளே விலகியிருக்கவேண்டும். விலகவில்லை. ‘பிறகு மாற்றுவார்’ என்ற சொல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. எரித்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. தேவசகாயம் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தொட்டியில் இறங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். “அடுத்த கூட்டம் எப்போ மாப்ள?” என்று கேட்பார். “சொல்றேன் மச்சான்” என்று இவன் நழுவுவான்.

பெலவேந்திரம் ஜெயித்தார். ஆம்பூர் போட்டோ அத்தனை தேசத்துப் பத்திரிகைகளிலும் வந்ததாம். கூட்டமைப்பின் தலைமைக்கு வந்த முதல் தமிழர் என்று வேலூரில் சுவரெல்லாம் போஸ்டர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாராட்டு விழா வைத்தார்கள். வெளிநாட்டு வாழ்த்துகளை மேடையில் படித்துத் தமிழில் சொல்ல இஞ்ஞாசி.

அன்று காலை பத்து மணிவாக்கில், கம்பெனியில் அடைத்துக்கொண்ட கழிவுத் தொட்டியில் தேவசகாயத்தை இறக்கினார்கள். உள்ளே விஷவாயு. கயிறு கட்டி மேலே இழுத்தபோது உயிரில்லை. நயீம் அகமது ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். “எம்மேலதான் தப்பு, எம்மேலதான்” என்று அழுதார். அழுதது நிஜம். அடுத்த வாரம் அதே தொட்டியில் வேறொருவனை இறக்கியதும் நிஜம்.

அமிர்தவள்ளி அழுகைக்கு நடுவில் இஞ்ஞாசியின் கையைப் பிடித்தாள். “தம்பி, உங்க சபைலருந்து ஆறு பேரு வருவாங்க இல்ல? அவரு அதத்தான் சொல்லினே இருப்பாரு. பெரிய வாசல் வழியா போவேன்டி நான்னு.”

“வருவாங்கக்கா” என்றான். சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

வேலூர் மண்டபத்துக்குள் மல்லிகையும் வியர்வையும் சென்ட்டும் கலந்து அடித்தது. மேடைக்குப் பின்னால் அந்தப் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். ஹென்ட்ரிக்ஸின் கைக்குள் தேவசகாயம் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் கீழே, கழுத்து மறைய மாலையோடு பெலவேந்திரம். இஞ்ஞாசி மேடையேறி அவர் காதருகே குனிந்தான்.

“அய்யா, தேவசகாயம் செத்துட்டாரு. சாயங்காலம் அடக்கம். ஆறு பேர அனுப்பணும்.”

“எந்த தேவசகாயம்?”

இஞ்ஞாசி போட்டோவைக் காட்டினான். பெலவேந்திரம் திரும்பிப் பார்த்தார்.

“ஓ. பாவம். அதெல்லாம் ஒரு நாள் சமாச்சாரம்ப்பா. அவன் எங்க சந்தா கட்னான், எங்க பதிவாச்சி? நல்ல காரியத்துல வந்து பேஜார் பண்ணாத. போயி வாழ்த்தப் படி.”

இஞ்ஞாசி மைக்குக்குப் போனான். கையிலிருந்த தந்திகளைப் படிக்கவில்லை.

“இந்தப் படத்துல நிக்கிற சகோதரர் தேவசகாயம் இன்னிக்கிக் காலைல செத்துப்போய்ட்டாரு” என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “வாழ்விலும் சாவிலும் கைவிடேன்னு நீங்க எல்லாரும் பிரமாணம் பண்ணியிருக்கீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆம்பூர்ல பெட்டி எடுக்கறோம். தூக்கறதுக்கு ஆறு தோள் வேணும். யாரு வர்றீங்க?”

முன்வரிசையில் ஒருவர் வாட்சைப் பார்த்தார். இன்னொருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். ஆம்பூர்ப் பங்குச் சாமியார் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் புதிதாகப் படிப்பதுபோல் படித்தார். மரியநாயகம் எழுந்து வந்து மைக்கை அணைத்துவிட்டு, நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையாட்டினார். நாதஸ்வரம் தொடங்கியதும் மண்டபமே மூச்சுவிட்டது. பரிமாற இலை போட ஆரம்பித்தார்கள்.

படி இறங்கும்போது இஞ்ஞாசிக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. சாக்கடைக்குள் கைவிட்டு எடுத்ததுபோல உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததற்காக அவன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்திருந்தான்.

அஞ்சு மணிக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு டாக்சி வந்தது. டிரைவர் பெரிய மலர்வளையம் ஒன்றை இறக்கினான். ரிப்பனில் தங்க எழுத்தில் இங்கிலீஷ்.

“இன்னா தம்பி எழுதிக்கீது?” என்றாள் அமிர்தவள்ளி.

இஞ்ஞாசி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். “எங்கள் அன்புச் சகோதரனுக்கு. அனைத்துலகத் தலைவர்.”

அவள் எழுந்து வந்தாள். வளையத்தைத் தூக்கிப்போய்த் தெருவோரம் போட்டாள். இரண்டு வெள்ளாடுகள் வந்து முகர்ந்தன. “தூக்க தோளு வராதாம். பூ வருதாம்” என்றாள்.

அப்போதுதான் இஞ்ஞாசி, தெருவில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் முன்னால், மேலங்கிகளை எரித்ததைச் சொன்னான். தன் கையால் கொண்டுபோனதையும் சொன்னான். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் அடிக்கவில்லை. ஒருவர் கழுத்திலிருந்த பதக்கத்தை அறுத்துச் சாக்கடையில் போட்டார். பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

பெட்டியை அவர்களே தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்துப் பெரிய வாசலில் பூட்டு தொங்கியது. சாவி சாமியாரிடம், சாமியார் வேலூரில் விருந்தில். இளவட்டங்கள் பூட்டை உடைக்கக் கல்லை எடுத்தார்கள். இஞ்ஞாசியும் ஒரு கல்லை எடுத்தான்.

“வேணாம்” என்றாள் அமிர்தவள்ளி. “காலைலருந்து கெடக்குற ஒடம்பு. இதுக்கு மேல வெச்சினு சண்ட போடாதீங்க. எப்பவும் போற வழியாவே போங்க.”

பின்வாசல் வழியாகப் போனார்கள். அங்கே மதிலை ஒட்டி கம்பெனிக் கழிவு நீர் ஓடியது. அதைத் தாண்டும்போது பெட்டி ஒருமுறை சரிந்தது. இஞ்ஞாசி தன் தோளை அடியில் கொடுத்தான். ஜெபம் சொல்ல ஆளில்லாமல் அவனே சொன்னான். குழி மூடிய பிறகும் லில்லி அண்ணனை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ராஜினாமாவை அவன் எழுதி அனுப்பினான், பதில் வரவில்லை. மாறாக, மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை வக்கீல் மரியநாயகம் காலனிக்கே வந்தார். காரை உள்ளே கொண்டுவராமல் ரோட்டில் நிறுத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். லில்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் நுனியில் உட்கார்ந்தார்.

“இஞ்ஞாசி, நடந்தது நடந்துபோச்சி. அய்யாவுக்கு உம்மேல கோவமே இல்ல. ஹாலந்துல மாநாடு. தொழிலாளர் கிளையிலருந்து ஒருத்தர் வந்து பேசணும்னு ஹென்ட்ரிக்ஸே கேக்குறாரு. உன்னவிட்டா யாருக்கு இங்கிலீஷ் வரும்? டிக்கட்டு, சூட்டு எல்லாம் எங்க பொறுப்பு. இதுல உங்க சனத்துக்கும் பெரும தானே?”

இஞ்ஞாசி உள்ளே போனான். பானையிலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினான்.

“வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. குடிங்க. அப்பறம் பேசலாம்.”

“இருக்கட்டும்ப்பா. இப்பத்தான் கார்ல குடிச்சேன்.”

“ஒரு வாய்.”

“இல்ல, எனக்குத் தொண்ட சரியில்ல.”

“சூடு பண்ணித் தரச் சொல்லட்டுங்களா?”

மரியநாயகம் சொம்பைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அங்கே அமிர்தவள்ளியும் இன்னும் சிலரும் வந்து நின்றிருந்தார்கள். அவர் நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. கை மேலே எழுந்து, பாதியில் நின்று, மறுபடி முழங்காலுக்கே போயிற்று. அவர் எழுந்துவிட்டார்.

“உனக்குப் போக இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. வேற ஆள் பாத்துக்கறோம்” என்று செருப்பைத் தேடினார்.

“பாத்துக்கோங்க” என்றான் இஞ்ஞாசி.

வேறு ஆள் கிடைக்கத்தான் செய்தான். நெமிலிப் பக்கத்திலிருந்து யாரையோ சூட்டு மாட்டி அழைத்துப்போனார்களாம். நன்றாகப் பேசினானாம், எழுந்து நின்று கை தட்டினார்களாம். கம்பெனி ஆபீசில் யாரோ இந்தச் செய்தியைச் சொன்னபோது இஞ்ஞாசி டைப் அடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பின்பக்கம் போய், காறித் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.